ஐந்து காலிப் பாக்கெட்டுகள்

முகப் பவுடர் தகர டப்பாவில் மட்டுமே கிடைத்துவந்த காலத்தில், கடலூரில் ஒருவர் அதை 100 கிராம், 50 கிராம், 20 கிராம் என்று சிறு பொட்டலங்களாக்கி விற்றார். எப்சம் உப்பு 100 கிராம் பாக்கெட்டாக வந்துகொண்டிருந்தபோது 5 கிராம் பொட்டலம் போட்டார். அவர் பெயர் சின்னி கிருஷ்ணன். சிறிய அளவில் மருந்துப் பொருள் தயாரித்தவர், விவசாயமும் பார்த்தவர். வசதியானவர் வீட்டில் இருக்கும் சாமான் கூலிக்காரருக்கும் ரிக்‌ஷா இழுப்பவருக்கும் எட்ட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். திரவத்தையும் பாக்கெட்டில் அடைக்கலாம், நாளைய வியாபாரம் அதுதான் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் பேட்டிகளில் சொன்ன மகன் சி.கே. ரங்கநாதன், கூடவே ஒரு குறையையும் மறைக்காமல் சொன்னார்: அப்பா புதிதாக யோசிப்பதில் கெட்டிக்காரர், விற்பதில் இல்லை. ஒன்றைச் செய்து முடித்ததும் அடுத்ததற்குத் தாவிவிடுவார்.

மார்க்கெட்டிங் என்ற துறையின் ஆதாரக் கேள்வி இந்தக் குறைக்குள் இருக்கிறது. சரக்கு நன்றாக இருந்தது. அளவும் விலையும் பொருந்தின. வாங்கும் ஆளும் ஊர் முழுக்க இருந்தார். பிறகும் அது ஏன் ஓடவில்லை? அவருக்குப் பின் அதே யோசனையை ஷாம்புவில் கையில் எடுத்த பிள்ளைகளுக்கு அது ஏன் ஓடியது?

பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு தயார் விடை உண்டு. 1960இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி தம் பாடநூலில் வகுத்த நான்கு கூறுகள்: பொருள், விலை, இடம், விளம்பரம். ஆங்கிலத்தில் நான்கும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் ‘நான்கு பி’ என்று பெயர் நிலைத்துவிட்டது. எம்.பி.ஏ. முதல் வாரத்திலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். அவருக்கு முன்பே ஹார்வர்டின் நீல் போர்டன் இந்தக் கலவை பற்றிப் பேசிவந்தார். அவர் பட்டியல் நீளம், பன்னிரண்டு கூறுகள். நீளமான பட்டியலை மாணவர்கள் மறந்துவிட்டார்கள், எளிதில் நினைவில் நிற்பது நிலைத்துவிட்டது. மார்க்கெட்டிங் பாடமே தன்னை மார்க்கெட்டிங் செய்துகொண்ட விதம் அது என்று சொல்லலாம்.

இந்த நான்கையும் நான்கு அறைகள்போல் தனித்தனியே படிக்கும்போதுதான் சிக்கல். முதலில் பொருளைச் செய், பிறகு விலை வை, பிறகு கடைக்கு அனுப்பு, கடைசியில் கூவு என்ற வரிசை மனதில் பதிந்துவிடுகிறது. கடலூர் ஷாம்புவின் கதையைப் பார்த்தால் வரிசை அப்படி இல்லை. வாங்குபவரின் கையிலிருந்த காசிலிருந்து எல்லாம் தொடங்கியது. அந்தக் காசே பாக்கெட்டின் அளவையும், அது தொங்கவேண்டிய கடையையும், அதைப் பற்றிப் பேசவேண்டிய பேச்சையும் முடிவு செய்தது.

சின்னி கிருஷ்ணன் மறைந்த பிறகு பிள்ளைகள் ‘வெல்வெட்’ ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். இது 1980ஐ ஒட்டிய காலம். வெல்வெட் பேர் வாங்கியது. அண்ணன்மாரோடு ஒத்துப்போகாத ரங்கநாதன் வெளியே வந்து, 15,000 ரூபாய் முதலோடு 1983இல் தனியே தொடங்கினார். பொருளுக்கு அப்பா பெயரைச் சுருக்கி ‘சிக்’ என்று வைத்தார். பின்னாளில் கம்பெனி ‘கெவின்கேர்’ ஆனபோதும் அதே விளையாட்டுதான்: அப்பாவின் முதலெழுத்துகள் ஒரு பக்கம், அழகு என்று பொருள்படும் ‘கவின்’ மறுபக்கம்.

அப்போது ‘சிக்’குக்கு யார் போட்டி? வெல்வெட்டை அந்த நேரம் கோத்ரெஜ் தீவிரமாக விற்றுக்கொண்டிருந்தது. பன்னாட்டுக் கம்பெனிகளின் ஷாம்பு பாட்டில்கள் நகரத்து ஃபேன்சி ஸ்டோர்களில் இருந்தன. தொழில் பத்திரிகைக்காரர் இந்த இரண்டைத்தான் எழுதுவார். என் கணக்கில் உண்மையான போட்டி வேறு. அது சீயக்காய், மேற்கே போனால் அரப்பு.

சீயக்காய்க்கு விளம்பரம் கிடையாது, பிராண்டு கிடையாது. ஆனால் அதற்கென்று கிழமை உண்டு. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி. காயை வெயிலில் காயப்போட வேண்டும். வெந்தயம், பயறு, பூலாங்கிழங்கு என்று வீட்டுக்கு வீடு மாறும் கூட்டு. அரிசி அரைக்கும் மிஷினில் அதை விடமாட்டார்கள். அதற்கென்று தனி மிஷின், தனி நாள், அரைப்பவருக்குத் தும்மல். அரைத்த தூளை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் கண்ணில் போய் எரியும். நீண்ட கூந்தலை அலசி முடிக்க ஒரு அண்டாத் தண்ணீர் போதாது. இவ்வளவும் செலவு. ஆனால் காசாகக் கணக்கில் வராத செலவு. வீட்டுப் பெண்களின் நேரத்தில் போய்க் கரைந்த செலவு. காலை ஏழு மணிக்கு நடவுக்கோ சித்தாள் வேலைக்கோ கிளம்ப வேண்டிய பெண்ணுக்கு இந்தக் கிழமைக் குளியல் சுகமாக இருந்திருக்காது.

மார்க்கெட்டிங் பேராசிரியர் தியோடர் லெவிட் 1960இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில், அமெரிக்க ரயில் கம்பெனிகள் தாங்கள் ரயில் ஓட்டுவதாக நினைத்ததால் கெட்டன என்றார். ஜனங்களுக்கு வேண்டியிருந்தது பயணம். ரயில் அதற்கு ஒரு வழி மட்டும். அந்தக் கண்ணோடு பார்த்தால், பாக்கெட் ஷாம்பு விற்றது நுரையும் வாசனையும் மட்டுமன்று, ஒரு முற்பகலையும் சேர்த்துத்தான். இதற்கு நல்ல சாட்சி, கெவின்கேர் பிறகு ‘மீரா’ என்ற பெயரில் சீயக்காயையே தூளாக்கிப் பாக்கெட்டில் விற்று வெற்றி கண்டது. சனங்களுக்குச் சீயக்காய் கசக்கவில்லை. மிஷினுக்கு நடப்பது கசந்திருந்தது.

இனி காசு. மாதச் சம்பளக்காரர் முதல் தேதி மளிகை லிஸ்ட் போடுகிறார். அன்றாடம் கூலி வாங்குபவருக்கு லிஸ்ட் என்பதே அன்றைய சாயங்காலம்தான். அரிசி, பருப்பு, எண்ணெய், பீடி, பிள்ளைக்குப் பிஸ்கெட். எல்லாம் போக மிஞ்சுவது சில்லறை. அந்தச் சில்லறைக்குள் அடங்காத பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவர் கண்ணில் படாது. பாட்டிலின் விலை அதிகம் என்பதைவிட, அவ்வளவு ரூபாய் ஒரே சமயத்தில் அவர் கையில் நிற்பதில்லை என்பதே விஷயம். பொருளாதாரக்காரர் இதைக் கைப்பணப் புழக்கம் என்பார். பெட்டிக்கடை அண்ணாச்சிக்கு அந்த வார்த்தை தெரியாது. ஆனால் யாருக்கு எதை எத்தனை மணிக்கு விற்கலாம் என்று தெரியும்.

அதனால்தான் இந்த வியாபாரத்தில் விலை என்பது நாணயமாக இருக்க வேண்டியிருந்தது. ஒரு ரூபாய், அல்லது 50 காசு. ‘சிக்’ 1990களின் இறுதியில் 50 காசுப் பாக்கெட்டைக் கொண்டுவந்தபோது பெரிய கம்பெனிகளுக்கு அது உறைத்தது. அந்த அடியில் கூர்மையான சேதி ஒன்று உண்டு. வழக்கமாக உற்பத்திச் செலவைக் கூட்டி, லாபம் வைத்து, விலை போடுவோம். இங்கே விலை முதலில் நின்றுவிட்டது. அந்த விலைக்குள் எத்தனை மில்லி, எந்த உறை, கடைக்காரருக்கு எவ்வளவு, ஸ்டாக்கிஸ்டுக்கு எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். கணக்கு உதைத்தால் மில்லி குறையும், விலை நகராது. இன்றும் பிஸ்கெட், சோப்பு, மிக்சர் எல்லாவற்றிலும் நடப்பது இதுதான். ஐந்து ரூபாய் ஐந்தாகவே இருக்கும். உள்ளே இருப்பது இளைத்துக்கொண்டே போகும்.

நாணயத்துக்கும் ஆயுசு உண்டு. 25 காசு 2011 ஜூன் 30உடன் செல்லாமல் போனது. 50 காசு சட்டப்படி இன்றும் செல்லும். எந்தக் கடையிலாவது நீட்டிப் பாருங்கள், கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். ஒரு ரூபாயே கடைசிப் படியாக நின்றது. இது எவ்வளவு இறுக்கமான படி என்பது 2025 செப்டம்பர் 22இல் தெரிந்தது. அன்று ஷாம்புவின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரிக் குறைப்பை அப்படியே வாங்குபவருக்குக் கொடுத்தால் ஒரு ரூபாய்ப் பாக்கெட் ஏறத்தாழ 89 காசு. பதினோரு காசை யார் எண்ணித் திருப்பித் தருவது? பாட்டிலுக்கு விலையைக் குறைக்கலாம். பாக்கெட்டுக்கு உள்ளே சில சொட்டு கூட்டுவதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி. வரிச்சட்டம் காசில் பேசுகிறது. பெட்டிக்கடை நாணயத்தில் பேசுகிறது.

‘இடம்’ என்று பாடநூல் சொல்வதை நம் ஊரில் பார்க்க, அண்ணாந்து பார்க்க வேண்டும். பெட்டிக்கடைக்கு அலமாரி கிடையாது. இருக்கிற பலகையில் மிட்டாய் ஜாடிகள், வாழைப்பழத் தார் ஒரு பக்கம், வெற்றிலைத் தட்டு ஒரு பக்கம். பாட்டில் வைக்க இடம் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஷாம்பு பாக்கெட் சரமாக வந்தது. ஆணியில் மாட்டினால் போதும். தரையையோ பலகையையோ அது கேட்கவில்லை, காற்றைத்தான் கேட்டது. வாங்க வருபவரின் கண்மட்டத்துக்கு நேரே அதுவே போர்டாகவும் தொங்கியது. கேட்டவுடன் கடைக்காரர் எழாமல் கையை மட்டும் உயர்த்தி, துளைக்கோட்டில் ஒன்றைச் சரக்கென்று பிய்த்துக் கொடுப்பார். எடை போட வேண்டாம், மடிக்க வேண்டாம், கணக்கில் எழுத வேண்டாம். நாள் முழுக்க ஆளில்லாமல் தனியாகக் கடை நடத்துபவருக்கு இந்தச் சௌகரியம் ஒரு சிறு லாபம். கம்பெனி தரும் மார்ஜினைவிட இதுவே அவரை இழுத்திருக்கும் என்று சில சமயம் தோன்றுகிறது.

கடைக்காரரின் முதலும் இதில் முடங்கவில்லை. பத்து பாட்டில் எடுத்து வைத்தால் ஆறு மாதம் தூசி படியும். பத்து சரம் எடுத்தால் சேல்ஸ்மேன் அடுத்த லைனுக்கு வருவதற்குள் தீர்ந்துவிடும். கிராமத்துக்கு வாரம் ஒருமுறை வரும் வண்டி, அதிலிருந்து இறங்கும் பையன், “அண்ணே, ரெண்டு சரம் போடட்டா?” என்ற கேள்வி. இந்த மூன்றும் இல்லாமல் எந்த நடிகை வந்து சொன்னாலும் பயனில்லை.

ஆனாலும் முதல் பாக்கெட்டை யாராவது வாங்க வேண்டுமே. வாழ்நாளில் ஷாம்பு தொடாதவரிடம் அதை எப்படி விளக்குவது? எழுத்தால் முடியாது. ‘சிக்’ ஆட்கள் ஊர்ஊராய்ப் போய் ஒரு பையனை நடுவில் உட்காரவைத்து, தலையை நனைத்து, தேய்த்து, நுரை காட்டி, அலசி, துவட்டினார்கள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, வந்து தொட்டுப் பாருங்கள் என்றார்கள். மார்க்கெட்டிங்கில் இதைவிட நேர்மையான விளம்பரம் எனக்குத் தெரியாது. பொய் சொல்ல வாய்ப்பில்லை, முடி கையிலேயே இருக்கிறது. ரஜினிகாந்த் படங்களை ஸ்பான்சர் செய்து காட்டி, இடையில் விளம்பரம், கூடவே இந்தச் செய்முறை, படம் முடிந்ததும் இலவசப் பாக்கெட். தமிழ்நாட்டிலும் ஆந்திரக் கிராமங்களிலும் இப்படிக் காட்டிய ஒவ்வொரு ஊரிலும் விற்பனை மூன்று நான்கு மடங்கு ஏறியதாக ரங்கநாதன் சொல்கிறார். ரேடியோவில் சினிமா வசனங்களை வைத்தே விளம்பரம் செய்தார்கள்.

அவர் வகுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது காலிப் பாக்கெட் திட்டம். எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு ‘சிக்’ இலவசம். நுணுகிப் பார்த்தால் இதில் எத்தனை வேலை நடக்கிறது! இலவசம் யாருக்குப் போகிறது? தெருவில் போகிற யாருக்கோ அல்ல. ஏற்கெனவே பாக்கெட் ஷாம்பு வாங்கும் பழக்கமுள்ளவருக்கு. அதற்கான அத்தாட்சியை அவரே கையில் கொண்டுவருகிறார். எதிராளி கம்பெனி காசு செலவழித்து உருவாக்கிய வாடிக்கையாளரை அந்தக் கம்பெனியின் குப்பையைக் கொண்டே அடையாளம் கண்டுபிடிக்கும் உபாயம் இது. பிறகு கொஞ்ச நாளில் விதி மாறியது: இனி ‘சிக்’ காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம். ருசி பார்த்தவர் அதற்குள் கடையில் போய் “ஷாம்பு” என்று கேட்பதை விட்டு “சிக்” என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

இதனால் மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சமாக உயர்ந்தது, மல்லிகை, ரோஜா வாசனை சேர்த்ததும் 30 லட்சமானது, நடிகை அமலா விளம்பரத்தில் வந்ததும் ஒரு கோடியைத் தொட்டது என்பது அவர் சொன்ன கணக்கு. எண்களைச் சந்தேகிக்க எனக்குக் காரணமில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரே ஒரு காரணம் என்பதைத்தான் அப்படியே ஏற்கத் தயக்கம். ஜெயித்தவர் திரும்பிப் பார்க்கும்போது பாதை நேராகத் தெரியும். அந்த ஆண்டுகளில் கிராமத்துக்கு டி.வி. வந்தது, பஸ் வந்தது, பெண்பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனார்கள். மல்லிகை வாசனை மட்டும் ஜெயித்தது என்பது அரை உண்மை. ஆனால் மல்லிகையைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. தலைக்குக் குளித்ததும் பூ வைக்கிற ஊர் இது. குளித்த தலையிலிருந்து எந்த மணம் வரவேண்டும் என்பது இங்கே ஏற்கெனவே முடிவான விஷயம்.

கையிலிருக்கும் காசுக்கேற்பச் சிறிதாக்கி விற்கும் இந்தத் தர்க்கம் சேவைத் தொழிலிலும் ஓடுகிறது. சேவைக்கு நான்கு கூறு போதாதென்று பூம்ஸ், பிட்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 1981இல் ஆட்கள், நடைமுறை, கண்ணால் காணும் சான்று என்று மூன்றைச் சேர்த்து ஏழாக்கினார்கள். சென்னையின் ஷேர் ஆட்டோ இவை எதையும் படிக்காமல் பிறந்தது. முழு ஆட்டோவை அமர்த்த வழியில்லாதவருக்கு ஒரு சீட்டை விற்றது; ஆட்டோவின் பாக்கெட் அது. பத்து ரூபாய் செல்போன் டாப்-அப் வந்ததும் அப்படித்தான்.

கோயம்புத்தூரில் பிறந்து அமெரிக்காவில் நிர்வாகவியல் பேராசிரியரான சி.கே. பிரகலாத், 2004இல் வெளிவந்த நூலில் இந்தப் பாக்கெட் வியாபாரத்துக்கு ஒரு தத்துவமே கட்டினார். பிரமிடின் அடித்தட்டில் இருக்கும் ஏழைகளை உதவி கேட்பவர்களாகப் பார்க்காதீர்கள், வாடிக்கையாளர்களாகப் பாருங்கள். அங்கே லாபமும் இருக்கிறது, அவர்களுக்குக் கண்ணியமும் இருக்கிறது என்பது சாரம். மூன்று ஆண்டுகள் கழித்து நிர்வாகவியல் பேராசிரியர் அனீல் கர்னானி அதை மறுத்து எழுதினார். பொருளைச் சின்னதாகக் கட்டினால் அது மலிவாகிவிடாது. ஏழைக்கு முதலில் வேண்டியது வருமானம், அவரை உற்பத்தியாளராகப் பாருங்கள் என்றார்.

கர்னானி பக்கம் மனம் சாய்கிறது. ஆனால் ஷாம்பு விஷயத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மொத்தமாக வாங்கினால் மலிவு என்று நாம் கற்ற பாலபாடம் இங்கே தலைகீழ். பல பிராண்டுகளில் மில்லிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் பாக்கெட்டே மலிவு, பாட்டில் விலை கூடுதல். இந்தச் சங்கதி தெரிந்து பாட்டிலை விட்டுவிட்டுச் சரம் சரமாக வாங்கிப் போகும் மத்தியதர வீடுகளும் உண்டு. கம்பெனிக்கு இது தெரியாதா? தெரியும். பாட்டில் வாங்குபவர் ஒரு ரூபாய் கூடினால் கடை மாறமாட்டார். பாக்கெட் வாங்குபவர் பத்து காசு கூடினாலும் பிராண்டு மாறுவார். விலை, செலவைப் பார்த்து வைக்கப்படவில்லை, வாங்குபவரின் பிடியைப் பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது. குளியலறையில் பாட்டிலை அழகாக நிறுத்திவைப்பதற்கு மேல்தட்டு ஒரு வாடகை கொடுக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பாட்டில் இருந்தால் கை தாராளமாகும். பாக்கெட் ஒரு அளவுகோல். அதிலும் பாதியைப் பிழிந்துகொண்டு, வாயை மடித்து, சோப்பு டப்பாவில் செருகி அடுத்த குளியலுக்கு வைப்பவர்கள் இருக்கிறார்கள். அம்மாவும் இரண்டு பெண்களும் ஒரே பாக்கெட்டில் முடிக்கும் வீட்டை எந்த விற்பனைப் புள்ளிவிவரமும் காட்டாது.

பாக்கெட் என்ற யோசனையை யாரும் பூட்டி வைத்துக்கொள்ள முடியவில்லை. நிரப்பும் மிஷின் உள்ள எவரும் செய்யலாம். முதலில் கண்டுகொள்ளாமல் இருந்த பெரிய கம்பெனிகள் பிறகு முழு பலத்தோடு இறங்கின. இன்று கிராமத்துக் கடையில் அதிகம் தொங்குவது அவர்களுடைய சரங்கள்தான். வெல்வெட் ஒரு கட்டத்தில் ஏறக்குறைய மறைந்தேபோனது.

நான்கு கூறிலும் ஏழு கூறிலும் இடம்பெறாத ஒன்று மட்டும் மறையவில்லை. பாக்கெட்டின் உறை ஒன்றோடொன்று ஒட்டிய பல அடுக்கு. பிளாஸ்டிக் படலம், நடுவில் அலுமினியப் பூச்சு. வெயிலும் ஈரமும் உள்ளே போகக் கூடாது என்பதற்காக அப்படி. அதே காரணத்தால் அதைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். தண்ணீர் பாட்டிலையும் பால் கவரையும் பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். ஷாம்பு உறையைத் தொடமாட்டார். ஒரு கிலோ சேர்க்க எத்தனை ஆயிரம் பொறுக்க வேண்டும்! 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகள் குட்கா, புகையிலை, பான் மசாலாவைப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் அடைப்பதைத் தடுத்தன. மற்ற உறைகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மீதும் பிராண்டு உடைமையாளர் மீதும் வைத்தன.

ஊர்க் குளத்துப் படித்துறைக்குப் போனால் அந்தப் பொறுப்பின் நிலை தெரியும். கடைசிப் படியில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்தில், மூலை பல்லால் கடித்துக் கிழிக்கப்பட்ட உறைகள் செருகிக் கிடக்கின்றன. வெயிலில் சாயம் வெளுத்து எந்தக் கம்பெனியுடையது என்று தெரியாதவை சில. நேற்று போட்டவை சில. நாற்பது வருஷத்துக்கு முன்பு இதே ஐந்து உறைகளைப் பொறுக்கிக்கொண்டு கடைக்குப் போனால் ஒரு ஷாம்பு கிடைத்தது.